தாஷ்கண்ட் டைரி: டாலரா சோமா, மொதல்ல அதைக் கேளுங்க

வெள்ளி, இன்னும் கிளம்பல

உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட் போறோம்னு சொன்னதும் சொந்தக்காரங்க ஒரு மாதிரி சிரிச்சாங்க. காரணம் தெரிஞ்சதுதான், நம்ம பக்கம் சிமெண்ட், பெயிண்ட், டைல்ஸ் கம்பெனிக்காரங்க டீலர்களை டூர் கூட்டிட்டுப் போற ஊர் அது, ஆம்பளைங்க மட்டும் கும்பலா போயிட்டு வந்து போட்டோ கூட காட்டாம கமுக்கமா இருப்பாங்க. என் கூட வர்ற மச்சான் ஹார்டுவேர் கடை வச்சிருக்காரு, அப்படி ஒரு டீலர் டூர்ல ஏற்கனவே போயிட்டு வந்தவரு. ஊர் எப்படி இருக்கும் மச்சான்னு கேட்டா ஹோட்டல் லாபியையும் பஸ் சீட்டையும் தவிர அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, ஆனா எவன் எவன் எங்க எங்க காசைப் புடுங்குனான்னு மட்டும் தேதி வாரியா சொல்றாரு. அதனாலதான் இந்த டைரியில மினார், மசூதி போட்டோவை விட அந்த விஷயத்தை அதிகமா எழுதலாம்னு இருக்கேன், அதை யாரும் தமிழ்ல விவரமா எழுதின மாதிரி தெரியல.

மொத ஏமாத்து வேலை உஸ்பெகிஸ்தான்ல இல்ல, நம்ம வீட்டு மொபைல்லயே ஆரம்பிக்குது. நமக்கு அந்த ஊருக்கு இ-விசா, ஒரு தடவை நுழைய 30 நாளுக்கு 20 டாலர், அவ்வளவுதான், அரசாங்க சைட் முகவரி இ-விசா டாட் கவ் டாட் யூ-ஸெட் (e-visa.gov.uz). ஆனா தேடிப் பாத்தா மேல வர்றது பூரா பச்சைக் கொடி, நீலக் கொடி போட்டு கவர்ன்மெண்ட் மாதிரியே டிசைன் பண்ணின தனியார் சைட்டுங்க, எழுபது எண்பது டாலர் கேக்குறான், கேட்டா சர்வீஸ் சார்ஜுங்குறான். எங்க ஊர் டிராவல்ஸ்ல விசாரிச்சதுக்கு ஆறாயிரத்து ஐநூறு ரூபா சொன்னாங்க. போட்டோ, பாஸ்போர்ட் முதல் பக்கம், கார்டு, இது மூணும் இருந்தா நாமளே அரை மணி நேரத்துல போட்டுடலாம், மூணு வேலை நாள்ல மெயில்ல வந்துரும். வந்ததும் பாஸ்போர்ட் நம்பரை ஒரு ஒரு எழுத்தா சரி பாருங்க, தப்பா இருந்தா ஏர்போர்ட்டுல வாயால பேசி சரி பண்ண முடியாது.

சனி, ராத்திரி

டெல்லியில இருந்து மூணு மணி நேரம்தான் ஃப்ளைட், சென்னையில இருந்து டெல்லி வர்றதும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆச்சு. கடிகாரத்தை அரை மணி பின்னாடி வச்சா போதும். இமிக்ரேஷன்ல ஒரு வார்த்தை கேக்கல, ஸ்டாம்பு குத்தி விட்டுட்டாங்க.

காசு மாத்துற கதையைக் கொஞ்சம் விவரமா சொல்லணும். டாலருக்கு 12,000 சோம், அதான் அந்த ஊர் பணம், அதுக்குப் பக்கம் கிடைக்குது. நமக்கு சுலபக் கணக்கு, கடைசி மூணு சைபரை வெட்டிட்டு ஏழால பெருக்குனா ரூபா வந்துரும், ஐம்பதாயிரம் சோம்னா 350 ரூபா. இதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்கு மனப்பாடம் பண்ணிட்டு இறங்குங்க, ஏன்னா நீங்க மனசுக்குள்ள கணக்கு போடுற அந்த அஞ்சு செகண்டுதான் அவனுக்கு வேணும்.

பழைய பயணக் கட்டுரைங்கள்ல எல்லாம் பேங்க்ல மாத்தாதீங்க, பஜார்ல நிக்குற ஆளுங்க கிட்ட மாத்துங்க, டபுளா கிடைக்கும்னு எழுதியிருப்பாங்க. 2017 செப்டம்பர் வரைக்கும் அது உண்மை, அரசாங்க ரேட் டாலருக்கு 4,200 சோம் பக்கம் இருந்தப்ப வெளிய எட்டாயிரம் ஓடுச்சு. அப்புறம் அரசாங்கமே ஒரே ராத்திரியில ரேட்டை 8,100 ஆக்கி விட்டுருச்சு, கள்ள மார்க்கெட்டுக்கு வேலையே இல்லாமப் போச்சு. இன்னைக்கு எவனாவது ரோட்டுல வந்து பேங்கை விட நல்ல ரேட் தர்றேன்னு சொன்னா அவனுக்கு அந்த லாபம் எங்கிருந்து வரும்னு யோசிங்க, கட்டுக்குள்ள சின்ன நோட்டை சொருகித்தான் வரும். ஏர்போர்ட்லயே பேங்க் கவுண்டர் இருக்கு, ரேட் ஊருக்குள்ள இருக்குறதுதான். ஒண்ணு மட்டும், உங்க டாலர் நோட்டு மடிப்பு, கிழிசல், பேனாக் கிறுக்கல் இல்லாம இருக்கணும், எங்க கண்ணு முன்னாடியே ஒரு டெல்லிக்காரரோட ரெண்டு நோட்டைத் தள்ளி விட்டுட்டாங்க, அவர் கத்துறாரு, கவுண்டர் அம்மா நிமிர்ந்து கூட பாக்கல.

இன்னொரு சங்கதி, 2,000 நோட்டும் இருக்கு 20,000 நோட்டும் இருக்கு, 5,000மும் இருக்கு 50,000மும் இருக்கு. ராத்திரி கார் லைட்டுல நீங்க ஐம்பதாயிரம் நீட்டுவீங்க, டிரைவர் கையை ஒரு தடவை மடிக்குள்ள விட்டு எடுத்து நீ ஐயாயிரம்தான் குடுத்தன்னு காட்டுவான். மச்சான் டூர்ல வந்த ஒரு ஈரோட்டுக்காரர்கிட்ட இப்படித்தான் அடிச்சிருக்காங்க. நோட்டை நீட்டும்போதே சத்தமா தொகையைச் சொல்லி நீட்டுங்க, அவன் வாங்கிட்டு தலையாட்டட்டும், எந்த பாஷையில சொன்னாலும் பரவால்ல.

வெளிய வந்தா டாக்ஸி, டாக்ஸி, மை ஃப்ரெண்ட், ஹிந்துஸ்தான், ராஜ் கபூர்னு ஒரே கூட்டம். ஒருத்தர் பெட்டியை தூக்கவே ஆரம்பிச்சுட்டாரு. எவ்வளவுன்னா ட்வென்டி டாலர், நைட் டைம், ஏர்போர்ட் டாக்ஸ்னு அடுக்குறாரு. அதே நேரம் என் போன்ல யாண்டெக்ஸ் கோங்குற டாக்ஸி ஆப் காட்டுன ரேட் 32,000 சோம், மூணு டாலர் கூட இல்ல, ஏர்போர்ட் ஊருக்குள்ளயே இருக்கு. ஆப்புல புக் பண்ணிட்டு நிக்குறப்ப இன்னொருத்தன் வந்து "யாண்டெக்ஸ்? யெஸ் யெஸ், மீ யாண்டெக்ஸ்"ங்குறான், மச்சான் பெட்டியை வைக்கவே போயிட்டாரு, நான் நம்பர் பிளேட்டை பாத்தேன், நம்மளது இல்ல. இங்க முக்கால்வாசி கார் வெள்ளை ஷெவர்லே, பாக்க எல்லாம் ஒண்ணு போலவே இருக்கும், அதனால நம்பர் பாக்காம ஏறவே ஏறாதீங்க. தாஷ்கண்ட் சிட்டி வண்டின்னா பிளேட் 01ன்னு ஆரம்பிக்கும், அதுக்கு அப்புறம் இருக்குற எழுத்தும் நம்பரும் ஆப்புல இருக்குறதோட பொருந்துதான்னு பாத்துக்கணும்.

ஆப் இல்லாம ரோட்டுல கையைக் காட்டுனாலும் சாதாரணக் காரே நிக்கும், ஊர்ப் பழக்கம் அது, தப்பான ஆளுங்க இல்ல. ஆனா அவன் "ஃபிஃப்டீன்"னு சொன்னா பதினஞ்சு என்னன்னு அங்கயே கேட்டுருங்க. ஏறும்போது பதினஞ்சாயிரம் சோம்னு நீங்க நினைப்பீங்க, இறங்கும்போது பதினஞ்சு டாலர்னு அவன் சொல்வான். சட்டப்படி யாரும் பொய் சொல்லல பாத்துக்கங்க.

ஞாயிறு

ஹோட்டல்ல ரெஜிஸ்ட்ரேஷன் பண்ணிட்டாங்களான்னு காலையில கேட்டு ஒரு பேப்பரும் வாங்கி வச்சுக்கிட்டேன். வெளிநாட்டுக்காரங்க வந்த மூணு நாளைக்குள்ள பதிவு பண்ணணும்ங்குறது ரூல், ஹோட்டலே கம்ப்யூட்டர்ல ஏத்தி விடணும், அது அவங்க வேலை. சல்லிசா கிடைக்குதுன்னு எவனோ வீட்டு ரூமைப் புடிச்சா இதுலதான் மாட்டுவீங்க, பதிவு பண்ணாம விட்டுருவான், இல்லன்னா கடைசி நாள்ல தனியா காசு கேப்பான்.

அப்புறம் மெட்ரோ. இதுல ஏமாத்த யாரும் இல்ல, டீக்காசுதான் டிக்கெட். 1977ல திறந்தது, மத்திய ஆசியாவுலயே மொத மெட்ரோ. அணுகுண்டு போட்டா மக்கள் ஒளியுற இடமாவும் கட்டி வச்சிருந்ததால 2018 வரைக்கும் உள்ள போட்டோ எடுக்கவே விடல. இப்ப தாராளமா எடுக்கலாம், கஸ்மனாவ்ட்லார் ஸ்டேஷன்ல ககாரின், தெரஷ்கோவான்னு சோவியத் விண்வெளி வீரர்கள் படமெல்லாம் நீலச் சுவத்துல வட்டத்துக்குள்ள மிதக்குற மாதிரி இருக்கு, மச்சான் நாலு ரயிலை விட்டுட்டு நின்னு பாத்தாரு. போன தடவை பஸ்ஸை விட்டு இறங்கவே விடலையாம். வாசல்ல போலீஸ் பையை செக் பண்ணுவாங்க, அது வழக்கமானது, பயப்பட ஒண்ணும் இல்ல. யூனிஃபார்ம் இல்லாம ஒருத்தன் ரோட்டுல வந்து நான் போலீஸ், பர்ஸைக் காட்டு, கள்ள நோட்டு இருக்கான்னு பாக்கணும்னா மட்டும் உஷாராகுங்க, பாஸ்போர்ட்டை கையில புடிச்சபடி காட்டிட்டு வாங்க ஹோட்டல் வரைக்கும் போய் பேசலாம்னு சொல்லுங்க. டூரிஸ்ட் போலீஸ்னே தனியா இருக்காங்க, பொதுவான போலீஸ் நம்பர் 102. பர்ஸ் எந்த போலீசுக்கும் தேவையில்ல.

சோர்ஸு பஜார். நீலக் கும்மட்டம், உள்ள பூரா கறி, தயிர், ஊறுகாய், வெளிய சுத்தி பழம், ரொட்டி, மசாலா. இங்கதான் நம்மாளுங்க தலையில அதிகமா மொளகா அரைக்கப்படுது, ஆனா மொளகா இல்ல, குங்குமப்பூ.

மசாலாக்காரர் என்னைப் பாத்ததும் "இந்தியா! சாஃப்ரான்! பிரியாணி!"ன்னு கூப்பிட்டாரு. ஒரு சாக்கு நிறைய, கவனிங்க, சாக்கு நிறைய செவப்பும் மஞ்சளுமா நூல் நூலா குவிச்சு வச்சிருக்காரு, ஒரு டம்ளர் அளவு நாலு டாலராம். நிஜக் குங்குமப்பூ நம்ம ஊர்லயே கிராம் முன்னூறு நானூறு ரூபா விக்குது, அதை யாராவது சாக்குல திறந்து போட்டு வெயில்ல வைப்பானா? அது குசும்பா, எண்ணெய் எடுப்பாங்களே அந்தச் செடியோட பூ. அதுவும் நல்ல சாமான்தான், இந்த ஊர்க்காரங்களே கலருக்குப் போடுறாங்க, ஆனா குங்குமப்பூ விலை சொல்லி நம்ம கிட்ட தள்ளுறதுதான் பிரச்சனை. நான் ரெண்டு இழையை எடுத்து உள்ளங்கையில வச்சுப் பாத்தேன். குங்குமப்பூ இழைன்னா பூரா அடர் செவப்பா இருந்து ஒரு நுனி மட்டும் ஊதுகுழல் மாதிரி விரியும், இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வாடிப்போன இதழ். மோந்து பாத்தா வாசனையே இல்ல, வைக்கோல் கூட மணக்கும். மச்சான் கையில இருந்த தண்ணி பாட்டில் மூடியில போட்டோம், போட்ட உடனே மஞ்சளா கரைஞ்சு இழை வெளுத்துப் போச்சு. ஒரிஜினல் மெதுவா பத்து பதினஞ்சு நிமிஷம் எடுத்துத்தான் கலர் விடும், இழை செவப்பாவே இருக்கும். கடைக்காரர் கோவப்படல, சிரிச்சாரு, கீழ இருந்து ஒரு சின்ன டப்பா எடுத்து "இரான், இரான்"னாரு. அதையும் வாங்கல.

உலர் பழக் கடையில வேற டெக்னிக். ருசி பாருங்க ருசி பாருங்கன்னு கையில திணிப்பாங்க, பாதாமி, திராட்சை, குர்த்னு ஒண்ணு, காஞ்ச தயிர் உருண்டை, செம உப்பு. அரைக் கிலோன்னா அள்ளுற அள்ளுல ஒன்றரைக் கிலோ போட்டு கட்டியே முடிச்சுருவாங்க. எடுத்துருங்க, அரைதான் வேணும்னு தயங்காம சொல்லலாம், யாரும் முகம் சுளிக்கல. சொன்ன விலை கிலோவுக்கா நூறு கிராமுக்கான்னும் கேட்டுக்கங்க.

நடக்குறப்ப ஒரு பொம்பள தகர டப்பாவுல புகையை வச்சுக்கிட்டு நம்மளைச் சுத்தி ஆட்டிட்டு காசு கேக்கும், இஸிரிக்னு ஒரு செடி, திருஷ்டிக்கு. நம்ம ஊர்ல வெள்ளிக்கிழமை கடை கடையா சாம்பிராணி போட வர்ற பாய் மாதிரியேதான். இதை ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன், ஊர்க்காரங்களே ஆயிரம் ரெண்டாயிரம் சோம் போடுறாங்க, நாமளும் அதையே போட்டா போதும். பத்தாயிரம் எடுத்தீங்கன்னா அடுத்த டப்பா வந்து நிக்கும்.

திங்கள்

மத்தியானம் டிவி டவர் பக்கத்துல இருக்குற பெஷ் கோஸான் போனோம், ப்ளோவ் சோறு சாப்பிட. ஆளு உக்காரலாம் போல கடாய், அதுல மாட்டுக்கறி, கேரட், சோறு, மேல காடை முட்டை, குதிரைக்கறி சாசேஜ் வேணும்னா தனியா. பன்னெண்டு, ஒரு மணிக்கெல்லாம் போயிருங்க, ப்ளோவ் இங்க மத்தியானச் சோறு, சாயந்திரம் போனா கடாய் காலி.

பில் விஷயம் ஊருக்குப் பொதுவா சொல்றேன். இங்க ஹோட்டல்கள்ல சர்வீஸ் சார்ஜ் பத்துல இருந்து இருபது சதவீதம் வரை சேத்துருவாங்க, மெனுவோட கடைசி வரியில பொடி எழுத்துல இருக்கும். கேக்காமலே ரொட்டியும், தக்காளி வெங்காய சாலடும், ஒரு கெட்டில் டீயும் வந்து உக்காரும், ஒவ்வொண்ணுக்கும் காசு உண்டு. இதெல்லாம் ஊர் வழக்கம். ராத்திரி நாங்க போன ஒரு இடத்துலதான் வேலையைக் காட்டுனாங்க. ஷஷ்லிக், அதான் கம்பியில சுட்ட கறி, மெனுவுல போட்டிருந்த விலை ஒரு கம்பிக்குன்னு பாத்தா நூறு கிராமுக்கு, ஒரு கம்பி ரெண்டு மடங்கு எடை. அது முன்னாடியே கேட்டுட்டோம். ஆனா பில்லுல நாங்க வாங்காத ரெண்டு ஜூஸ் இருந்துச்சு, ரஷ்யன் எழுத்துல. மச்சான் கடைக்காரரு இல்லையா, பில்லை ஒவ்வொரு வரியா விரல் வச்சு சர்வரைக் கூப்பிட்டு இது எது, இது எதுன்னு தட்டைக் காட்டச் சொன்னாரு. அந்தப் பையன் சாரி சாரின்னு அடிச்சுக் குடுத்தான். பக்கத்து டேபிள்ல இருந்த நம்ம நாட்டு குரூப் ஒண்ணு பில்லைத் திறந்து கூட பாக்காம கார்டை நீட்டுனாங்க. கார்டு மெஷின்ல ரூபாயா சோமான்னு கேட்டா சோம்னே அமுக்குங்க, ரூபான்னா அவன் போடுற ரேட்டுதான்.

நடுவுல லால் பகதூர் சாஸ்திரி சிலைக்குப் போயிட்டு வந்தோம். 1966 ஜனவரி 10ல பாகிஸ்தானோட ஒப்பந்தம் போட்டுட்டு அன்னைக்கு ராத்திரி தாண்டி இங்கதான் உயிர் விட்டாரு. ஒரு தெருவுக்கே அவர் பேரு. அதே வருஷம் ஏப்ரல் 26ல பூகம்பம் வந்து பாதி ஊர் தரைமட்டமாச்சு, இன்னைக்கு நாம பாக்குற அகலமான ரோடும் பெரிய பெரிய சோவியத் கட்டடமும் அதுக்கு அப்புறம் கட்டினதுதான். சிலைகிட்ட பூ வச்சிருந்தது யாருன்னு தெரியல.

சாயந்திரம் துணிக்கடை. சுஸானின்னு கை எம்ப்ராய்டரி, மாதுளம்பழம், சூரியன், கொடின்னு பெரிய பெரிய பூ, பாக்க கண்ணு கூசும். கைவேலைன்னு நூத்தம்பது டாலர் சொன்னாங்க. திருப்பிப் பாருங்க, அது போதும். கையில தச்சது பின்பக்கம் முடிச்சும் நூல் தாவுறதும் தெரியும், கீழ பென்சில்ல வரைஞ்ச கோடு கூட அங்கங்க மிச்சம் இருக்கும், மெஷின் தச்சதுன்னா பின்னாடி பூரா ஒரே சீரா பாபின் நூல் ஓடும். நாங்க பாத்ததுல பாதி மெஷின். இன்னொரு கடையில அந்தம்மா இது நூறு வருஷப் பழசு, என் பாட்டி தச்சதுன்னு உருகுனாங்க. நிஜமாவே பழசா இருந்தா அது இன்னும் வம்பு, 50 வருஷத்துக்கு மேல பழைய கலைப்பொருளை சர்டிபிகேட் இல்லாம நாட்டை விட்டு எடுத்துட்டுப் போக முடியாது, ஏர்போர்ட்ல புடிப்பாங்க. ஆக பாட்டி கதை பொய்யா இருந்தா காசு போச்சு, உண்மையா இருந்தா பொருளும் போச்சு. பழைய நாணயம், சோவியத் மெடல் விக்குறவங்க கிட்டயும் இதேதான்.

செவ்வாய்

சிம்கான் மலை. ஊர்ல இருந்து 80 கிலோமீட்டர் சுமார், வழியில சர்வாக் ஏரி, தண்ணி கலர் பாத்தா யாரோ பெயிண்டை ஊத்துன மாதிரி இருக்கு. பெயிண்ட் கம்பெனி ஏன் டீலரை இங்க கூட்டிட்டு வருதுன்னு இப்பதான் புரியுதுன்னாரு மச்சான். ஹோட்டல்ல சொன்ன டூர் விலை ஆளுக்கு நாப்பது டாலர், நாங்க ஆப்புல ரேட் பாத்துட்டு ஒரு டிரைவர் கிட்ட நாள் முழுக்க, போக வர, காத்திருக்க, மொத்தமா இவ்வளவுன்னு போன் கால்குலேட்டர்ல சோம்ல அடிச்சுக் காட்டி அந்தத் திரையை போட்டோ எடுத்து வச்சுக்கிட்டோம். அவர் அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சாரு, கடைசி வரைக்கும் ஒரு சோம் கூட கேக்கல, வழியில அவர் காசுலயே ரொட்டியும் தேனும் வாங்கிக் குடுத்தாரு.

மேல போனா கழுகு. பெரிய கழுகு, தோல் கையுறையோட ஒருத்தர் கிட்ட வந்து "ஃப்ரீ, ஃப்ரீ, ஹோல்ட்"னு கையில ஏத்திருவாரு. ஃபோட்டோ ஃப்ரீதான், கழுகைத் திருப்பி வாங்கத்தான் காசு. ஒரு பஞ்சாபிப் பையன் கையை நீட்டிக்கிட்டு பத்து நிமிஷம் நின்னான், பாவம், கழுகும் பாவம், காலு கட்டியிருக்கு. குதிரையும் அதேதான், ஏறுறதுக்கு ஒரு ரேட், மேல போனதுக்கு அப்புறம் இறக்கி விட இன்னொரு ரேட். போக வர எவ்வளவு, எத்தனை நிமிஷம்னு கீழயே கேட்டு வச்சவங்க எல்லாரும் சந்தோஷமாத்தான் இறங்குனாங்க.

இனிமே எழுதுறது ஆம்பளைங்களுக்கு. மச்சான் கிட்ட கேட்டுட்டுத்தான் போடுறேன். அவங்க டூர் வந்தப்ப கூட வந்த ஒருத்தரை ராத்திரி பத்து மணிக்கு லாபியில ஒரு ஆளு ஹிந்தியில பேசி கூட்டிட்டுப் போயிருக்கான், நம்ம நாட்டு ஆளுதான். கிளப்புல உக்காந்ததும் ஒரு பொண்ணு வந்து பக்கத்துல உக்காந்து ஜூஸ் கேட்டுச்சாம், அப்புறம் இன்னொண்ணு. ஒரு மணி நேரத்துல பில்லு நானூறு டாலர், வாசல்ல ரெண்டு மலை மாதிரி ஆளு. குடுக்கலன்னா போலீஸைக் கூப்பிடுறோம், விபச்சாரம்னு கேஸ் வரும்னு அவங்களே மிரட்டுறாங்க. அந்த ஊர்ல அது சட்ட விரோதம், அதனால இவரும் வாயைத் திறக்க முடியாது, வீட்டுலயும் சொல்ல முடியாது. இந்த வெக்கம்தான் அவங்க முதலீடு. நிஜமாவே மாட்டுனா 102 அடிக்கிறேன்னு நீங்களே போனை எடுத்துருங்க, போலீஸ் வர்றதுல அந்தக் கிளப்புக்காரனுக்குத்தான் நஷ்டம் அதிகம்.

என் கணக்குல உஸ்பெக்காரங்க எங்க கிட்ட கேட்ட அதிகப்படி எல்லாம் சேத்தா ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுக்கு வரும். பெரிய தொகை கேட்டவங்க பூரா ஹிந்தி பேசுனவங்க, தமிழ் பேசுனவங்க. "சார் உங்களுக்கு பாஷை தெரியாது, எதுவா இருந்தாலும் என் மூலமாப் போங்க"ன்னு ஒருத்தன் ஹோட்டல் வாசல்ல தமிழ்லயே சொன்னப்ப மச்சான் கும்பிடு போட்டுட்டு நகர்ந்தாரு. இந்த ஊர்ல யார் கிட்டயாவது பயம் வந்துச்சுன்னா எனக்கு அந்த ஆளு கிட்டதான் வந்துச்சு.

புதன், காலையில

வட ஸ்டேஷன். தாஷ்கண்ட்ல தெற்கு ஸ்டேஷன்னு இன்னொண்ணும் இருக்கு, டிக்கெட்டுல எதுன்னு பாத்துட்டு டாக்ஸி புடிங்க, டிரைவரே தப்பா விட்டுட்டு மறுபடி அங்க கூட்டிட்டுப் போக காசு கேட்ட கதை ஹோட்டல்ல கேட்டேன். அஃப்ரோஸியோப்னு அதிவேக ரயில், நாங்க அடுத்துப் போற ஊர் சமர்கண்ட் 344 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரத்துல போயிரும். ரயில்வேயோட சொந்த ஆப்புல ஊர்லயே புக் பண்ணியாச்சு, சீக்கிரம் தீந்துரும்ங்குறதால புரோக்கருங்க டபுள் ரேட்டுக்கு விக்குறாங்க. அவன் கிட்ட வாங்குனா பேரும் பாஸ்போர்ட் நம்பரும் உங்களோடதான்னு பாருங்க, வாசல்லயே பாஸ்போர்ட்டை வாங்கி ஒத்துப் பாத்துத்தான் உள்ள விடுறாங்க.

கேட்டுக்கு வெளிய ஒருத்தர் வந்து "ட்ரெயின் நோ, டுடே ட்ரெயின் ஃபினிஷ், சமர்கண்ட் மை கார், ஒன் சீட் லாஸ்ட்"னாரு. அவர் கார் உள்ள எட்டிப் பாத்தா ஒருத்தரும் இல்ல. அந்த ஒரு சீட்டுல ஏறுனா மிச்ச சீட்டு ரொம்புற வரைக்கும் வெயில்ல உக்காரணும், பொறுமை போனா மொத்தக் காருக்கும் நாம குடுக்கணும். மச்சான் அவர்கிட்ட போனை நீட்டி ரயில் டிக்கெட்டைக் காட்டுனாரு. அந்த ஆளு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிதானமா படிச்சுட்டு, "ப்ளாட்ஃபார்ம் ஒன், கோ, கோ, டைம் இல்ல"ங்குற மாதிரி கையைக் காட்டி, பெட்டியையும் படி வரைக்கும் தூக்கிக் குடுத்துட்டுப் போனாரு. காசு கேப்பாருன்னு பாத்தேன், கேக்கல.

ரயில்ல டீயும் ஒரு பன்னும் டிக்கெட்லயே வருது. மிச்சம் சமர்கண்ட் போய் எழுதுறேன், அங்க பஜார்லயும் சாக்கு நிறைய குங்குமப்பூ இருக்குன்னு கேள்வி.